கல்யாண வண்டி பின்னால் போகாது

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எழுபத்தெட்டாம் வருஷமாக இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். ஜீப் வெள்ளை என்று சிலர் சாதிக்கிறார்கள். எனக்கு அது பச்சையாகத்தான் படுகிறது. ஆனால் ஜவ்வாது மலையின் அந்த வளைவில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் மஞ்சள் வேட்டியோடு சின்னதம்பி விழித்துக்கொண்டு நின்றான் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது.

அன்றைக்கு அவனுக்குத்தான் கல்யாணம். புளி மூட்டை ஏற்றும் லாரியில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நின்றுகொண்டு, மலைச்சரிவில் இருந்த பெண் வீட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறுவெயில் உச்சிக்குப் போவதற்குள் தாலி கட்டியாக வேண்டும். வளைவு திரும்பியதும் எதிரே ஒரு ஜீப். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றன.

"கொஞ்சம் பின்னால எட்த்துக்கோப்பா சேட்டு. அவரு போவட்டும்" என்றாள் சின்னதம்பியின் அம்மா மங்கம்மாள்.

நியாயம்தான். மலைச் சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும். ஒடுகத்தூர் லாரி டிரைவர் சேட்டுக்கு அது தெரியாததா? பெரிய ஓட்டுநர் அவன். காலையில் லாரியைத் திருப்புவதற்குக்கூட, எல்லாரையும் போல முன்னும் பின்னும் எடுக்காமல், களத்துமேட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினான். "பார்றா கெத்த" என்று ஊரே வாயைப் பிளந்தது.

சேட்டு என்ஜினை அணைத்தான். சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். பிறகு கோயில் பூசாரி மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"கல்யாண வண்டி பின்னால போவக் கூடாதும்மா. போனா, பொண்ணு தாலியோட பொறந்த வூட்டுக்குத் திரும்பிடும்."

மேளக்காரத் தங்கவேல்தான் முதலில் ஆரம்பித்தான்.

"வாஸ்தவம்தான். எங்கக்கா கல்யாணத்துல மாட்டுவண்டி ஒரு மொழம் பின்னால போச்சு. அந்த மாமன் ஆடிக்குள்ள ஓடிப்போய்ட்டான்."

"எங்கம்மாகூட சொல்லும்" என்றாள் மங்கம்மாள், பின்னால் எடுக்கச் சொன்னவளே அவள்தான் என்பதை மறந்து. "நான்தான் ஏதோ ஞாபகத்துல உளறிட்டேன்."

பெண்ணின் தாய்மாமன் வேடியப்பன், வழிகாட்டியாக முன் சீட்டில் வந்தவர், மீசையைத் தடவினார். "எங்க பக்கம் இது இன்னும் கெட்டிங்க. பின்னால போன்னு வாயாலகூட சொல்லக் கூடாது. அதுவும் மாப்ள வாய்லருந்து அந்த வார்த்த வந்துதுன்னா, தாலிக் கயிறு அப்படியே தட்டுல கெடக்க வேண்டியதுதான்."

சின்னதம்பி கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஜீப்பிலிருந்து ஒரு வடநாட்டு அதிகாரி தலையை நீட்டினார். மலைக்குப் புதிதாக வந்தவர். டிரைவர் இல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. கையை வீசிக் கத்தினார்:

"பேக் ஆஃப்!"

லாரியிலிருந்த எல்லாத் தலையும் சின்னதம்பி பக்கம் திரும்பியது.

திரும்பாமல் என்ன செய்யும்? அவனுக்குப் பெண் கிடைத்ததே இங்கிலீசுக்காகத்தான். பெண்ணின் அப்பா, "ஆபீசருங்க வந்தா நின்னு பேசத் தெரிஞ்ச மாப்ளதான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றவர். சின்னதம்பி ஆலங்காயத்தில் பத்தாவது வரை படித்தவன். ஒரே ஒரு பாடத்தில்தான் தோற்றான். அது எந்தப் பாடம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"இன்னா சொல்றாரு மாப்ள?" என்றார் வேடியப்பன்.

'பேக்' அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சுக்கு அதுதான் பெயர். 'ஆஃப்' தெரியும், கரண்ட் போனால் சொல்வது. இரண்டையும் சேர்த்தால் என்ன வருமென்று எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அதிகாரியின் புறங்கை காற்றைத் தள்ளிய தள்ளலில் அர்த்தம் பளிச்சென்று விளங்கிவிட்டது. விலகு. தள்ளிப் போ. பின்னால் போ.

வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஓர் இங்கிலீசு வார்த்தை முழுசாகப் புரிந்தது. அதைப் போய் வாயால் சொல்லக் கூடாது!

"வாழ்த்து சொல்றாரு மாமா" என்றான்.

"அட!" வேடியப்பன் நெகிழ்ந்துபோனார். "ஆபீசரு நடுரோட்ல நின்னு வாழ்த்தறாரு, நாம மரம் மாதிரி நிக்கிறோம். தாம்பூலத்த எடும்மா! மாலைய எடு!"

அதிகாரி சுதாரிப்பதற்குள் மங்கம்மாள் அவர் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டாள். யாரோ நெற்றியில் சந்தனம் அப்பினார்கள். மடியில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் மாலையைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க ஐயா! ஆவாது!" என்று பெண்கள் நான்கு பக்கமும் கையைப் பிடித்தார்கள்.

"பேக் ஆஃப்! பேக் ஆஃப்!"

"இப்ப இன்னா மாப்ள?"

"இன்னும் நல்லா வாழ்த்தறாரு."

"கோவமா இருக்கற மாதிரி தெரியுதே?"

"வடக்கத்தி வாழ்த்து அப்படித்தான் மாமா. வயித்துலருந்து வரும்."

வேடியப்பன் தலையாட்டினார். ஆனால் அவருக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. "வாழ்த்தினது போதும், கொஞ்சம் வழி உடச் சொல்லு."

சின்னதம்பி ஜீப்பின் அருகே போனான். தன்னிடமிருந்த இங்கிலீசு முழுவதையும் ஒன்று விடாமல் திரட்டினான்.

"சார். குட்மார்னிங். ஐ ஆம் ஃபைன்."

அதிகாரி வெறித்துப் பார்த்தார். பிறகு, இனி மனிதர்களோடு பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தவர்போல, ஜீப்பின் ஹாரனை அமுக்கினார். விடாமல் அமுக்கினார்.

அது பெரிய தப்பு. ஹாரன் ஒரு தாளத்தில் விழுந்தது. தங்கவேலின் கை சும்மா இருக்குமா? மேளம் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் வேகமாக அடித்தால் இவனும் வேகமாக. அவர் நிறுத்தினால் இவன் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடித்து, "அடுத்தது வரட்டுங்க" என்று தலையசைத்தான். பெண்கள் குலவையிட்டார்கள். லாரியிலிருந்து குதித்த இளவட்டங்கள் ஜீப்பைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள். பள்ளத்துப் பக்கம் மேய்ந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

சேட்டு மட்டும் ஸ்டியரிங்கின் மேல் கையைப் போட்டுக்கொண்டு, பாறையைப் பார்த்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா சேட்டு, நீ எறங்கி ஒரு வார்த்த பேசக் கூடாதா?" என்று மங்கம்மாள் கேட்டாள்.

"சம்பிரதாயத்துல டிரைவரு தலையிடக் கூடாதும்மா" என்றான்.

வெயில் பாறையின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. வேடியப்பன் அண்ணாந்து பார்த்தார். "தூக்கி ஓரமா வெச்சிடலாமா?"

"எத மாமா?"

"ஜீப்ப."

சின்னதம்பி 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் ஆட்கள் நாலு பக்கமும் தோள் கொடுத்துவிட்டார்கள். புளி மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். "ஐலசா!" என்ற சத்தத்தோடு ஜீப் தரையை விட்டு எழுந்தது, அதிகாரியோடு, மாலையோடு, வாழைப்பழத்தோடு. ஊர்வலத்துச் சாமி மாதிரி அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தொண்டை கிழிய அலறினார்:

"பேக் ஆஃப்!"

பள்ளத்துப் பக்கம் ஒரு கல் உருண்டு போன சத்தம் வெகுநேரம் கேட்டது. பயந்துபோய் ஜீப்பை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தார்கள்.

மேளம் நின்றது. குலவை நின்றது. வேடியப்பன் மெல்லத் திரும்பினார்.

"மாப்ள. அது வாழ்த்து இல்ல."

சின்னதம்பி தரையைப் பார்த்தான்.

"உனக்கு இங்கிலீசு தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு. தெரியாதுன்னா, நான் இப்படியே நடந்து போயி பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிடறேன். வேற இடம் பாத்துக்கட்டும்."

சின்னதம்பிக்கு, ஒரே ஒரு தடவை பார்த்திருந்த மணப்பெண் பாஞ்சாலையின் முகம் நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இங்கிலீசு பேசுவியாமே, ஆடுகிட்டகூட பேசுவியா?" என்று கேட்டது வந்தது. அவள் வேறு யாரையாவது அப்படிக் கேட்பாள் என்ற எண்ணமும் வந்தது. அந்த எண்ணம்தான் அவனைத் தூக்கி நிறுத்தியது.

பின்னால் போ என்று தன் ஆட்களிடம் சொல்லக் கூடாது. அவ்வளவுதானே? எதிரில் இருக்கிறவரிடம் சொல்லலாமே? அவர் வண்டி என்ன கல்யாண வண்டியா?

ஜீப்பின் முன்னால் போய் நின்றான். காலை அகட்டிக்கொண்டான். அதிகாரி செய்த மாதிரியே புறங்கையால் காற்றைத் தள்ளினான்.

"சார்! யூ! பேக் ஆஃப்!"

அதிகாரியின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அவரிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் இவனாகத்தான் இருக்கவேண்டும்.

சொன்ன மறுகணமே சின்னதம்பி கையெடுத்துக் கும்பிட்டான். மஞ்சள் வேட்டியைக் காட்டினான். மேளத்தைக் காட்டினான். லாரியைக் காட்டினான்.

"மேரேஜ், சார். மை மேரேஜ். லாரி பேக் நோ. காட் ஆங்ரி."

அதிகாரி குனிந்து தன் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தார். மடியிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தார். ரோடு வேண்டும் என்று மனு கொடுக்க வந்த கூட்டம் தன்னை மறித்துக்கொண்டது என்றுதான் மனுஷன் அவ்வளவு நேரமும் நினைத்திருக்கிறார்.

"மேரேஜ்?" என்றார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடகடவென்று ஏதேதோ சொல்லி, கையால் ஒரு குதிரை முன்னால் ஓடுவதைக் காட்டி, அது திரும்பினால் கழுத்தை அறுத்துக்கொள்வது போல ஒரு கோடு போட்டார்.

"இன்னா மாப்ள?"

இந்தத் தடவை சின்னதம்பி பொய் சொல்லவில்லை. "அவங்க ஊர்ல மாப்ள குதிரையில போவாராம் மாமா. அந்தக் குதிரையும் பின்னால வரக் கூடாதாம்."

"பாத்தியா!" வேடியப்பன் ஊரையே திரும்பிப் பார்த்தார். "வடக்க வரைக்கும் இருக்குது சம்பிரதாயம்!"

ஜீப் பின்னால் நகர்ந்தது. வழியில் திரும்ப இடமே இல்லை. அதிகாரி கழுத்தைத் திருப்பிக்கொண்டு வளைவு வளைவாகப் பின்னாலேயே இறங்கினார். இளவட்டங்கள் இருபுறமும் ஓடி வழிகாட்டினார்கள். "வரட்டும், வரட்டும்... ஸ்டியரிங்க ஒடிங்க ஐயா, ஒடிங்க... பள்ளம், பள்ளம்!" ஜீப்பின் மூக்கை முகர்ந்துகொண்டே லாரி வந்தது. நடுவில் மேளம்.

பெண் வீட்டு வாசல்வரை அப்படியே போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்குள் முதலில் நுழைந்தது ஜீப்பின் முதுகுதான். மாலையும் சந்தனமுமாக இறங்கியவரைப் பார்த்த பெண் வீட்டுக்காரர்கள், இவர்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா போலிருக்கிறது என்று காலில் தண்ணீர் ஊற்றி ஆரத்தி எடுத்துவிட்டார்கள். சேட்டு களத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றி லாரியை நிறுத்தினான். வெயில் உச்சிக்கு வரக் கொஞ்சம் இருக்கும்போதே தாலி ஏறியது.

"அந்த ஐயாவ இன்னா சொல்லி விரட்டின?" என்று பாஞ்சாலை மணவறையிலேயே கேட்டாள்.

"பேக் ஆஃப்."

"அப்படின்னா?"

"கொஞ்சம் தள்ளிக்கோங்கன்னு."

அவள் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அதிகாரி சாமைச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினார். மறு வருஷம் மாற்றலாகிப் போனார். வேடியப்பன் சாகும்வரை, சின்னதம்பி ஆபீசரையே இங்கிலீசில் விரட்டியவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாஞ்சாலைக்கு இரண்டு பிள்ளைகள். கோழி, ஆடு, சின்னதம்பி மூவரையும் அவள் "பேக் ஆஃப்" என்று ஒரே சொல்லில் மேய்த்தாள். அந்த மலையில் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வண்டியும் பின்னால் போகவில்லை. எதிரில் வருகிற பஸ்ஸே ஒதுங்கி நின்றது.

சேட்டு லாரியை விற்றுவிட்டு ஒடுகத்தூரில் டீக்கடை போட்டான். நெடுநாள் கழித்து ஒருநாள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த சின்னதம்பி, "ஏண்ணா, அந்தச் சம்பிரதாயத்த உனக்கு எந்தப் பெரியவரு சொல்லிக் குடுத்தாரு?" என்று கேட்டான்.

சேட்டு டீயை ஒரு ஆற்று ஆற்றினான்.

"பெரியவரும் இல்ல, சம்பிரதாயமும் இல்ல தம்பி. அந்த லாரிக்கு ரிவர்ஸ் கியரே கெடையாது."