ஆமென் அங்கிளும் இரவல் சபையும்

ஆண்டவன் கேட்டாரோ இல்லையோ, மெல்பேர்ன் முழுக்கக் கேட்கும்படி 'ஆமென்' சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான். நான் வெரிபீயில் குடியிருந்தபோது அவர் பக்கத்துத் தெருக்காரர். யாழ்ப்பாணத்து ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆமென் அங்கிள் என்றால் நாய்க்குட்டிகூட வழிகாட்டும். ரேடியோவில் "நாளை வெயில் அடிக்கும்" என்றால் அதற்கும் ஒரு ஆமென்.

வெள்ளிக்கிழமைகளில், விசாவுக்குக் காத்திருக்கும் பையன்களைத் தன் வேனில் ஏற்றி, ஊரின் மறுகோடியில் இருக்கும் கேரம் டவுன்ஸ் கோவிலுக்குக் கூட்டிப்போவார். கார் இல்லாத நானும் தொற்றிக்கொள்வேன். குருக்கள் மந்திரத்தை முடித்ததும் பின்னாலிருந்து "ஆமென்!" என்று இடி விழும். முதல் தடவை குருக்கள் தீபத்தட்டைத் தவறவிடப் பார்த்தார். அப்புறம் அவரே நிறுத்திக் காத்திருக்கப் பழகிவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் முகம் வாடி வந்தார்.

"தம்பி, எங்கட சேர்ச்சையும் பக்கத்து ஊர்ச் சேர்ச்சையும் ஒண்டாக்கப் போகினமாம். ரெண்டிலயும் சனம் இல்லை, ஃபாதரும் ஒராள்தான். எங்கட கட்டடத்தைப் பூட்டிப் போடுவினம். ஞாயிறு பிஷப்பின்ர ஆள் பார்க்க வாறார். நீர் ஒருக்கா வாரும்."

"அங்கிள், நான் முருக பக்தன்!"

"சும்மா வந்து இருக்கிறதுக்குப் பக்தி வேண்டாம் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை போனால், வெள்ளிக்கிழமை வேன் கூட்டம் அப்படியே அங்கே இருந்தது. எல்லார் நெற்றியிலும் பளிச்சென்று திருநீறு. செருப்பு, ஷூ எல்லாம் வாசலில். பிஷப்பின் ஆளாக வந்த பெரியவர் திகைத்து, மரியாதைக்குக் குறைச்சல் வேண்டாமென்று தானும் ஷூவைக் கழற்றினார். ஆராதனை தொடங்க மணி அடித்ததுதான் தாமதம், எங்கள் கைகளெல்லாம் தலைக்கு மேல் போய்விட்டன. யாரோ "அரோகரா" என்றும் சொல்லிவிட்டார்கள்.

முடிந்ததும் பெரியவர் கேட்டார், இத்தனை பேரும் எப்போது சபையில் சேர்ந்தார்கள் என்று. அங்கிள் தலையைச் சொறிந்தார். "முருகன்ட ஆக்கள் ஃபாதர். இண்டைக்கு மட்டும் இரவல்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரிப்பு வேறு, தீர்மானம் வேறு. கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அங்கிள் இடிந்துபோனார். புதுச் சேர்ச்சுக்குப் போகவே மாட்டேன் என்றார். "அங்க நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்ர சத்தத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்ப்பினம். வீட்டிலயே ஜெபிக்கிறன்." வானிலை அறிக்கை கேட்டால்கூட வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு சபையும் சேர்ந்து கும்பிடும் முதல் ஞாயிறு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். மொத்த வேன் கூட்டமும்.

"இண்டைக்கு வெள்ளி இல்லையேடா?"

"ஓம் அங்கிள், தெரியும்" என்றான் வேன் பையன்களில் ஒருவனான தீபன். "உங்கட புதுச் சேர்ச்சுக்குத்தான். சட்டையை மாத்திப்போட்டு வாங்கோ."

சேர்ச் வாசலில் நின்ற வெள்ளைக்கார அம்மாள் கை கொடுத்து, "இவர்கள் எல்லாரும் உங்கள் குடும்பமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அங்கிள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆங்கிலம் மறந்துபோய்விட்டது போல. "ஓம்" என்றார், தமிழிலேயே.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தனை பிரியத்தோடு நான் எந்தச் சன்னிதிக்குள்ளும் போனதில்லை.