திரும்பி வரமாட்டேன் என்று கவுண்டரில் சொன்னவன்

தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக் கெட்டுப்போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பழையபடி ஆகிவிடுவார்கள். நான் பாங்காக்குக்கு டிக்கெட் எடுத்தேன். போக மட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்தேரியில் ஓர் ஆபீசில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை. பாங்காக்கில் ஸ்டுடியோ நடத்திவந்த கல்லூரி நண்பன் ஒருவன், "சும்மா வந்து பாரு, செட் ஆனா விசாவுக்கு ஏற்பாடு பண்ணலாம்" என்று சொல்லியிருந்தான். அந்த வாக்கியத்திலிருந்து 'சும்மா', 'பாரு', 'செட் ஆனா' ஆகியவற்றை எடிட் செய்துவிட்டு மீதியை வீட்டில் சொன்னேன். (தொழில் பழக்கம்.) அன்று சாயங்காலத்துக்குள் தாராவியில் எங்கள் சந்து முழுக்க, செல்வினுக்கு ஃபாரினில் வேலை என்று பரவிவிட்டது. பரப்பியதும் நான்தான்.

அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஏல, ரிட்டன் எடுக்கலியா?"

"யப்பா, திரும்பி வாரதுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போறவன் எப்படிப்பா ஜெயிப்பான்?"

அப்பா முப்பது வருஷம் தோல் பட்டறையில் நின்றவர். ஜெயிப்பதற்கு டிக்கெட் விஷயத்தில் இப்படி ஒரு நிபந்தனை இருப்பது அவருக்குப் புதுச் செய்தி. "என்னமோ சொல்லுத" என்று விட்டுவிட்டார்.

துறவு பூணுகிறவன் மாதிரி உடைமைகளைத் துறந்தேன். வேலையை விட்டேன். பைக்கை விற்றேன். நான் படுக்கும் மச்சை அக்காவின் தையல் மிஷினுக்குக் கொடுத்தேன். புறப்படும் நாள் காலையில் என் சிம் கார்டையும் கழற்றி, "இந்த நம்பர் எனக்கு இனி எதுக்குப்பா?" என்று அப்பாவின் பட்டன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டுக் கொடுத்தேன். உலகத்தில் இதைவிடக் கம்பீரமான முட்டாள்தனத்தை யாராவது செய்திருந்தால் அவரைச் சந்திக்க ஆசை.

என்னை வழியனுப்ப வேன் பிடித்தார்கள். பாஸ்டர் உட்படப் பதினான்கு பேர். விமான நிலைய வாசலில் பொன்னாடை போர்த்தினார்கள். பாஸ்டர் கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்தார். அம்மா அழுதாள், அக்கா அழுதாள். நான் அழவில்லை; கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தேன். (கண்ணாடிக் கதவில் அவர்கள் தெரிகிறார்களா என்று பார்த்தது கணக்கில் வராது.)

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்டாள். இல்லை என்றேன். அங்கிருந்து வேறு எந்த நாட்டுக்காவது போகும் டிக்கெட்? அதுவும் இல்லை.

"அப்போ தாய்லாந்திலிருந்து எப்போ கிளம்புவீங்க, சார்?" என்று இந்தியில் கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் பல மாதங்களாகக் காத்திருந்தவன்போல் கண்ணாடியைக் கழற்றினேன். "நான் திரும்பி வரமாட்டேன்" என்று ஆங்கிலத்தில், கொஞ்சம் அடித்தொண்டையில் சொன்னேன்.

அவள் கைதட்டவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் பொறுமையாக விளக்கினார். சுற்றுலாப் பயணியாகப் போகிறவன் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவான் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் அங்கே இறங்க விடாமல் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் சுமந்து வரவேண்டியது இதே விமானக் கம்பெனி. அவர்கள் கேட்டது நான் கிளம்புவேன் என்பதற்குச் சாட்சி. நான் கொடுத்ததோ கிளம்பவே மாட்டேன் என்ற வாக்குமூலம்.

"ஏதாவது ஒரு டிக்கெட் போன்லயே எடுத்துடுங்க. எந்த நாடானாலும் சரி. கவுண்டர் மூட ஒரு மணி நேரம் இருக்கு" என்றார்.

போன் இருந்தது. அதில் சிம் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற குஜராத்திப் பெரியவர் இரக்கப்பட்டுத் தன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தார். ஆப்பைத் திறந்து, தேதியைத் தட்டி, கார்டு எண்ணைப் போட்டேன். 'உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. என் மொபைல் எண் இப்போது அப்பாவின் சட்டைப் பையில், மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் இருந்தது. பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் பதினான்கு பேரும் அங்கே டிபன் சாப்பிட முடிவு செய்திருந்தார்கள்.

பெரியவரின் போனையே வாங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னணியில் யாரோ ரவா தோசை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"யப்பா, நாந்தான் செல்வின்."

"செல்வினா? அவன் உள்ள போயிட்டாம்லா. நீ யாரு?"

"நாந்தாம்ப்பா. வேற ஒருத்தர் போன்லருந்து பேசுதேன். ரொம்ப அவசரம். ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

அதற்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் சபைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, "உங்க பிள்ளை குரலிலேயே பேசுவார்கள். வேறு போனிலிருந்து பேசுவார்கள். அவசரம் என்பார்கள். ஆறு நம்பர் கேட்பார்கள்" என்று எச்சரித்திருந்தார். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தார்.

"ஏ களவாணிப் பயலே! எம் மவன் குரல்லயே பேசுதியோ? செருப்பு பிஞ்சிரும்!" லைன் கட்டானது.

மறுபடி கூப்பிட்டேன். இம்முறை பாஸ்டர் எடுத்தார். "தம்பி, உழைச்சுச் சாப்பிடணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, நீங்க மனந்திரும்பணும்" என்று அன்போடு சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாம் முறை அம்மா. "எம் மவன்னா சொல்லு பாப்போம், நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?"

"கருவாட்டுக் கொழம்பும்மா. உப்பு கூடிப் போச்சுன்னு சொன்னேன்."

"அவந்தான்" என்றாள் அம்மா வருத்தத்துடன். "நம்பரக் குடுங்க."

அதற்குள் அந்த நம்பர் காலாவதியாகியிருந்தது. இன்னொன்று வரவழைத்தேன். அப்பா ஒவ்வொன்றாக வாசித்தார். "நாலு... ரெண்டு... இது ஏழா ஒண்ணாலே... ஏழுன்னு வச்சுக்கோ." ஏழுதான். டிக்கெட் வந்துவிட்டது! வெற்றி வீரனாகப் போனைக் கவுண்டர் பெண்ணிடம் நீட்டினேன்.

அவள் பார்த்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"சார், இது மும்பையிலிருந்து பாங்காக் போற டிக்கெட்."

"ஆமா."

"அடுத்த மாசமும் இங்கிருந்து போறீங்களா?"

ஆப்பில் முன்பு தேடிய ஊர்கள் அப்படியே இருந்திருக்கின்றன. தேதியை மாற்றிய நான் திசையை மாற்றவில்லை. ஆக, என்னிடம் இப்போது பாங்காக் போக இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. வருவதற்கு ஒன்றுமில்லை. அந்த வகையில் என் கொள்கை கெடாமல்தான் இருந்தது. குஜராத்திப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே பேட்டா" என்று மட்டும் சொல்லித் தன் போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கார்டில் இன்னொரு டிக்கெட்டுக்கு இடமில்லை. கவுண்டர் மூடியது.

டாக்சியில் வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. வேன் முழு நாள் வாடகைக்கு என்பதால், டிபனுக்குப் பிறகு துக்கத்தை ஆற்றிக்கொள்ளக் கடற்கரைக்கும் போயிருக்கிறார்கள். சந்தில் பெட்டியின்மேல் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். கடந்து போனவர்களில் பாதிப்பேர் 'எப்ப வந்தே?' என்றும், மீதிப்பேர் 'இன்னும் போகலியா?' என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே தலையாட்டல்.

வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பாஸ்டர். அவர் கையில் பேல்பூரிப் பொட்டலம் அந்தரத்தில் நின்றது. அம்மா கத்திக்கொண்டு ஓடி வந்து என் முகத்தைத் தடவி, "சாப்டியாலே?" என்றாள்.

அப்பா மெதுவாக வந்தார். பெட்டியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏல, நான் நம்பரத் தப்பாச் சொல்லிட்டனோ? அந்த ஏழு..."

'ஆமாம்ப்பா' என்று சொல்லிவிட்டால் மானம் தப்பிக்கும். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, வாயைத் திறக்கவும் செய்தேன். (இந்தக் கதையில் நான் உண்மையிலேயே வெட்கப்படுவது அந்த ஒரு விநாடிக்குத்தான்.) ஆனால் அவர் பட்டன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற விதம் என்னவோ செய்தது.

"ஒங்க நம்பர் சரிதாம்ப்பா. நாந்தான் ஊர மாத்திப் போட்டுட்டேன். அப்புறம்... அங்க வேலையும் இன்னும் முடிவாகல. சும்மா வந்து பாருன்னுதான் சொன்னான்."

பதினான்கு பேரும் கேட்டார்கள். அப்பா பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட, ஏழு சரியாக இருந்த நிம்மதிதான் அதிகம். பாஸ்டர் என் தோளைத் தட்டி, "போன்ல நான் சொன்ன ஒடனே மனந்திரும்பிட்டியே" என்றார். சந்து சிரித்த சிரிப்பு மாஹிம் வரை கேட்டிருக்கும்.

தவறாக எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். அதனால் அடுத்த மாதம் அதிலேயே போனேன். இடைப்பட்ட நாளெல்லாம் தையல் மிஷினுக்குக் கீழேதான் படுக்கை. அக்கா மச்சைத் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் "தூர தேசத்தில் இருக்கும் எங்கள் சகோதரன் செல்வினுக்காக" என்று பழக்கதோஷத்தில் ஜெபித்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த நானும் ஆமென் சொன்னேன். இம்முறை திரும்பி வரும் டிக்கெட்டை அப்பாவே ஊர்ப்பெயர்களில் விரல் வைத்து வாசித்து, நாலு காப்பி எடுத்துக் கொடுத்தார். நண்பனின் ஸ்டுடியோ என்பது அவன் படுக்கையறையில் ஒரு மேசை. இருபத்தெட்டாம் நாள், அந்த டிக்கெட்டிலேயே திரும்பி வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துச் செம்பூரில் பெண் பார்க்கப் போனபோது எனக்கு முன்னால் கதை போயிருந்தது. பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னது அந்தப் பெண் ஜாய்ஸ்தான்: "விடுங்கப்பா. தொலைஞ்சு போகணும்னு நெனச்சாலும் இவரால முடியாது. இதவிட நல்ல மாப்ள எங்க கெடைக்கும்?"

கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் டிக்கெட் எடுப்பது அவள்தான். போன வாரம் நெருளில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் நாலு நாள் தங்குவதாகவும் நான் அன்றே திரும்புவதாகவும் ஏற்பாடு. ஸ்டேஷன் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் "ரிட்டன்?" என்றார்.

"எனக்கு சிங்கிள் போதும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஜாய்ஸ் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டாள்: "இவருக்குக் கண்டிப்பா ரிட்டன்."