கால்நடையும் நேர்ச்சைக் கிடாயும்

“ஏளா, நீ பாஸானது சரி. கிடாய உன் தங்கச்சி விடுவாளாக்கும்?”

பிளஸ் டூ முடிவு வந்த அன்று மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மதிப்பெண் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் பாஸானால் அந்தோணியார் கோவில் அசனத்துக்கு, அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு, ஒரு கிடா தருவதாக அம்மா நேர்ந்திருந்தாள். கிடாவோ என் தங்கையின் பாயில்தான் தூங்கும்.

தங்கைக்கு ஏழு வயது. தெருவில் அவள் பெயர் ‘கால்நடை’. அவளுக்குப் பழக்கமில்லாத விலங்கு தூத்துக்குடிக்கு இனிமேல்தான் கப்பலில் வந்து இறங்க வேண்டும். துறைமுகத்துக் கொக்கு அவள் சொன்னால் கால் மாற்றி நிற்கும். உப்பளத்தில் பகலெல்லாம் வெந்துவிட்டு வரும் அப்பா, சொந்த வீட்டுக்குள் நுழைய நாலு நாய்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

நேர்ச்சை ஆட்டுக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுவது வழக்கம். கட்டிவிட்டால் அது புனிதருக்குச் சொந்தம், வேறு யாரும் தொடக்கூடாது. கால்நடைக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிறு காலை கறிக்கடையில் ஒன்பது ஆடுகளும் ரிப்பனோடு நின்றன. கோழிகளும்தான். எல்லாம் என் பள்ளிக்கூட ரிப்பன். கறி வாங்க வந்தவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு கத்தரிக்காய் வாங்கப் போனார்கள். கறிக்கடைக்காரர் கத்தியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு அம்மா விசாரணையைத் தொடங்கினாள்.

“ஊரு ஆட்டுக்கெல்லாம் ஏம்ளா கெட்டுன?”

“கெட்டினா தொடக்கூடாதுல்லா. பெறவு நம்ம கிடாய மட்டும் ஏன் வெட்டப் போறீய?”

அக்காவைப் பாஸாக்கியது அந்தோணியார் என்று அம்மா விளக்கினாள். நான் விடிய விடியப் படித்தது யார் கணக்கில் போனதோ தெரியவில்லை. கால்நடைதான் எனக்காகப் பேசினாள்.

“அக்காதான படிச்சா. அப்பம் அவ எதையாவது கொடுக்கட்டும்.”

அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் கிடாவும் சாப்பிடவில்லை. கிடா மெலிகிறதே என்று அம்மா கவலைப்பட்டாள்.

மூன்றாம் நாள் நான் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். நேர்ச்சையை மாற்றலாம், ஆனால் பாஸானவள் தனக்குப் பிரியமானதைத் தர வேண்டும் என்றார். என்னிடம் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, முழங்காலைத் தொடும் பின்னல். கல்லூரி திறக்க நாலு நாள்தான் இருந்தது.

இன்று காலை கோவிலடியில் நாவிதர் முன் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கால்நடை என் மண்டையை மெல்லத் தடவிப் பார்த்தாள், புதிதாகப் பிறந்த குட்டிகளைத் தடவுகிற அதே கையால். சந்தனம் இன்னும் காயவில்லை.