மாப்பிள்ளையின் மேற்பார்வை

"ஃபாரின்ல இன்னா வேலை மாப்ளே?"

"ஒரு ஏரிய காப்பாத்துறது மாமா. ஒரே மாசம்தான். பல தேசத்து ஆளுங்க சம்பளம் வாங்காம செய்றாங்க."

"காப்பாத்துறதுன்னா? மண்ணு கிண்ணு தூக்கணுமா?"

"சேச்சே! மேற்பார்வை."

சேவைச் சங்கம் ஒன்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியபோது, கஜபதி தன் மாமனார் வரதனிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இப்போது நூம்பலில் மாமனார் வீட்டு வாசலில் ஆறடி உயரத்தில் வந்து நின்றது. பெயர் ஹான்ஸ். சொந்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். ஏரியில் கஜபதியோடு சேறு அள்ளியவன்.

கஜபதியையும் குற்றம் சொல்ல முடியாது. "மண்ணு தூக்குற கைக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் வரதன் தன் மகள் ராணியை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனா பிடிக்கும் அவனுக்குக் கட்டிவைத்தார். அவரும் லேசுப்பட்டவரல்ல. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலையில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு சைக்கிள் ஏறினால், இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

ஊர் திரும்பியதும் கஜபதி பெட்டியடியில் ஒளித்த போட்டோவை ராணி எடுத்துவிட்டாள். முழங்கால் சேற்றில் அவன், சுற்றிலும் வெள்ளைக்காரர்கள்.

"இவுங்கல்லாம் யாரு மாப்ளே?"

"கூலி ஆளுங்க மாமா. வேலை சொல்லிக் குடுக்கச் சேத்துல எறங்குனேன்."

போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று. "எம் மாப்ள வெள்ளக்காரன வேலை வாங்குனவரு" என்று தெரு முழுக்கச் செய்தி பரவிற்று.

ஞாயிற்றுக்கிழமையாதலால் வீட்டிலிருந்த வரதன் இப்போது ஹான்ஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கூலிதானே இவன்? கொல்லப்பக்கம் இட்டுகினு போங்க."

தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த மாமியார் அன்னம்மாள், தூர்ந்துபோன கிணற்றை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கொடியில் காய்ந்த கணவரின் காக்கிச் சட்டையைப் பார்த்து, வழக்கம்போல் விழுங்கிக்கொண்டாள். பிறகு அலுமினியக் குண்டானில் கூழ் கொண்டுவந்து வைத்தாள்.

ஹான்ஸ் தரையில் குந்தி இரண்டு குண்டான் குடித்தான். கஜபதிக்கு முகம் எரிந்தது. ஏரிக்கரை முகாமில் தன் கம்பளியைக் கஜபதிக்குப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டே படுத்தவன் ஹான்ஸ்.

"தென்னங்கன்னுக்குப் பள்ளம் வெட்டணும் மாப்ளே. நீங்க வெரட்டுறத நாங்களும் பாக்குறோம்."

வேலிக்கு வெளியே தெருவே கூடியிருந்தது.

"விருந்தாளி ஒரு கன்று நட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம்" என்று கஜபதி ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். ஹான்ஸ் நெகிழ்ந்துபோய்ச் சட்டையைக் கழற்றினான்.

"அதட்டுங்க மாப்ளே!"

கஜபதி கண்களை உருட்டி, ஆங்கிலத்தில் கத்தினான்: "உன் அம்மா சௌக்கியமா?"

திடுக்கிட்ட ஹான்ஸ், "சௌக்கியம், சௌக்கியம்!" என்று இன்னும் வேகமாக வெட்டினான்.

"பயந்துட்டான் பாரு!" என்றார் வரதன், வேலியைப் பார்த்து.

சற்று நேரத்தில் ஹான்ஸ் நிமிர்ந்தான். கஜபதியின் தோளைத் தட்டினான். கூட்டத்துக்கு அவன் புஜத்தைத் தூக்கிக் காட்டி, மண் வெட்டுவதுபோல் அபிநயம் பிடித்து, மண்வெட்டியை அவன் கையில் திணித்தான்.

"இன்னா மாப்ளே, கூலிக்காரன் உங்க கைல மண்வெட்டி குடுக்குறான்?"

அந்தச் சிரித்த முகத்துக்கு எதிரில் இன்னொரு பொய் கஜபதிக்கு வரவில்லை.

"கூலி இல்ல மாமா. வாத்தியாரு. நான் மேற்பார்வையும் பாக்கல. இவரோட சேந்து சேறுதான் வாருனேன்."

தலையைக் குனிந்துகொண்டு பள்ளத்தில் இறங்கினான். அவசர அவசரமாக வெட்டிய மண் அவன் காலடியிலேயே விழுந்தது.

வரதனின் மீசை துடித்தது.

"இன்னாய்யா வெட்டு இது! வெட்டுன மண்ண காலாண்டயே போட்டுகினு... இப்டி குடு!"

மண்வெட்டியைப் பிடுங்கினார். நாலே வெட்டு. பள்ளம் இடுப்பளவு இறங்கியதுபோல் இருந்தது. மண் கரையில் ஒரே குவியலாக விழுந்தது. ஐந்தாவது வெட்டுக்கு ஓங்கியவர், சட்டென்று எல்லாரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து, மண்வெட்டியை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றார்.

அடுத்த நடைத் தண்ணீரோடு வந்து நின்ற அன்னம்மாள் குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருசமா உன் காக்கிச் சட்டைல சேத்தத் தொவச்சிகினு கீறேன், சூப்பர்வைசர் மானம் பூடுமேன்னு வாயத் தொறக்கல, இப்ப கேக்குறேன்யா, மூணு பேரும் எறங்கி அந்தக் கெணத்தத் தூர் வாருங்க!"