தொப்புள் முளைத்த கோலி

சமையலறைத் தொட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடெல் அவசரமாகக் குழாயை மூடினார்.

ஜனவரிக் குளிரில் விறைத்துப்போயிருந்த கோலியை வெந்நீரில் போட்டால் அது வேறென்ன சொல்லும்? கோலிச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓடெல் நடத்தும் முதல் பாடமே, குளிர்ந்த கோலியை வெந்நீரில் போடாதே என்பதுதான்.

கோலி அவருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. நண்பர் கிளீட்டஸுடையது. சரியாகச் சொன்னால், நிலக்கரிச் சுரங்கத்தில் மாண்டுபோன கிளீட்டஸின் அண்ணன் ராய் சிறுவயதில் ஆடியது. சிவப்பும் வெள்ளையுமாய் இழையோடிய அதைக் கிளீட்டஸ் 'வெங்காயத்தோல்' என்பார். ஜெர்மனியில் கையால் செய்த பழைய ரகம்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் ஓஹியோக்காரன் மிஷின்ல கொட்டுனதுடா இது" என்பார் ஓடெல்.

கையால் செய்ததென்றால் கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டியெடுத்த வடு இருக்கும். சங்கத்தார் அதைத் தொப்புள் என்பார்கள். இதில் அது இல்லை.

"எங்கண்ணன் ஆடி ஆடித் தேஞ்சுபோச்சுடா!"

"கண்ணுன்னு ரெண்டை எதுக்குடா வச்சிருக்க? கண்ணாடி மாட்டுறதுக்கா?"

சங்கம் கூடினால் இந்தச் சண்டைதான். கடைசியில் கிளீட்டஸே, "கொண்டுபோய் நல்லாப் பாத்துட்டு, சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு. நீ சொன்னா ஒத்துக்கறேன்" என்று கொடுத்துவிட்டார்.

வீடு போய்ச் சேரும்வரை ஓடெலுக்குப் பொறுக்கவில்லை. வண்டியிலேயே லென்ஸ் வைத்துப் பார்த்தார். மிஷின்தான், சந்தேகமேயில்லை. ஜெயித்த சந்தோஷத்தில், கழுவிப் பளபளப்பாகத் திருப்பிக் கொடுக்கலாமே என்று தோன்றியதுதான் வினை.

அந்த 'டிக்' விட்டுப்போனது மயிரிழை விரிசல்தான். தேய்த்தால் மறையுமென்று, கற்களுக்கு மெருகேற்றும் உருளையில் போட்டார். வெளியே எடுத்தபோது கோலி இரண்டு பேராகியிருந்தது. பசை போட்டு ஒட்டினார். காய்ந்ததும் கோலிக்கு இடுப்பு வந்திருந்தது.

அவருடைய பெட்டியில் அதே நிறத்தில், அதே பருமனில் ஒன்று இருந்தது. அசல் வெங்காயத்தோல். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுத்துப் பார்ப்பார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கிளீட்டஸ் கோலியோடு கொடுத்திருந்த பையில் போட்டார்.

சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடம். கிளீட்டஸின் மனைவி வில்மா அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக் கொடுத்தார். ராஜ உபசாரம்தான் என்று ஓடெல் பொருமினார்.

ஓடெல் திருப்பிக் கொடுத்த கோலியைக் கிளீட்டஸ் கட்டைவிரலால் உருட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"தொப்புள் மாதிரி இருக்கே?"

"கழு... கழுவினேன். அழுக்கு அடைச்சிருந்துச்சு."

"இத்தனை வருஷத்து அழுக்கா?"

"உங்கண்ணன் கை அழுக்குடா. லேசுல போகுமா?"

கூடமே சிரித்தது.

"அப்ப நீயே சொல்லு. என்ன ரகம்?"

ஜெயித்த வழக்கில் ஓடெல் தோற்க வேண்டியிருந்தது. "வெங்காயத்தோல். கையால செஞ்சது. நீ சொன்னதுதான் சரி."

எல்லோரும் கைதட்டினார்கள். கிளீட்டஸ் மட்டும் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார்.

வில்மா கொடுத்த, இறைச்சி பொதிந்த பெப்பரோனி ரொட்டியை ஓடெல் கடிக்காமலே வைத்துவிட்டார். சட்டைப்பையில் ராயின் கோலி இடுப்போடு கனத்தது. செத்தவனின் பொருளை உடைத்தாயிற்று. அதை வைத்திருந்தவனை ஏமாற்றியும் ஆயிற்று. கூட்டம் முடிந்ததும் வண்டி வரை கிளீட்டஸின் பின்னாலேயே போனார்.

"கிளீட்டஸ், ஒரு விஷயம்..."

"குளிருதுடா. கதவைச் சாத்து."

சாத்தினார். வேறென்ன செய்வது?

ஓட்டுநர் இருக்கைக்குப் போன வில்மா, உள்ளே கிளீட்டஸ் ஏதோ சொல்லவும் இறங்கித் திரும்பி வந்தார். ஓடெலின் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கினார். அவருடைய சொந்த வெங்காயத்தோல்.

"இதை உங்ககிட்டயே குடுத்துட்டு, ராயோடதை எப்படி இருந்தாலும் வாங்கிட்டு வரச் சொன்னாரு, ஓடெல். அப்புறம், தனக்குக் கண்ணு போய் ரெண்டு வருஷமாச்சு, கட்டைவிரல் இன்னும் போகலைன்னு சொல்லச் சொன்னாரு."