வலம் வந்த முட்டி

மற்ற ஊர்களில் கால்பந்து வீரர்களைத் தாயார்கள் பெறுகிறார்கள், பயிற்சியாளர்கள் வளர்க்கிறார்கள். திருவண்ணாமலையில் அந்தப் பழைய முறை வழக்கொழிந்து போய்விட்டது. இங்கே வீரர்களைக் கழகம் 'உருவாக்குகிறது'. வேங்கிக்கால் பொற்பாதக் கால்பந்துக் கழகத்தின் வாசல் பலகையில் இதைப் பொன்னெழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் எத்தனை வீரர்களை உருவாக்கியது என்று குதர்க்கம் பேசுகிறவர்கள் உண்டு. ஒருவரைத்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட ஒருவர்!

அவர்தான் பலராமன். பந்தோடு ஓடும்போது வலப்பக்கம் மட்டுமே திரும்பிய, உலகின் ஒரே ஃபார்வர்டு. இடப்பக்கம் போக வேண்டி வந்தால்? அப்போதும் வலப்பக்கமே திரும்பி, முக்கால் வட்டம் சுற்றி, இடப்பக்கம் போய்ச் சேருவார். அதற்குள் எதிரணியில் இரண்டு பேருக்காவது தலை சுற்றிவிடும். 1999ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அப்படிச் சுற்றிவந்து அவர் போட்டதுதான் புகழ்பெற்ற 'பிரதட்சிண கோல்'. மலையை வலம் வருகிற ஊரில் பந்தும் வலம் வந்தால் விடுவார்களா? கழகச் செயலாளர் மாறன் மறுநாளே நோட்டீஸ் அடித்தார்: 'அண்ணாமலையாரின் அருள் பெற்ற முட்டி!'

அதே ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்துக்கு நோட்டீஸில் இடம் போதவில்லை. போட்டியின் தொடக்க விழாவுக்கு மைதானத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கால் நட்ட குழியை மூட மறந்தார்கள். பலராமனின் வலது கால் அதில் முழங்கால் வரை இறங்கியது. கால் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது.

“ஐஸ் வெச்சிக்கினு ஆடு, ஒண்ணும் ஆவாது” என்றார் மாறன்.

ஆடினார். அன்று முதல் அந்த முட்டி இடப்பக்கம் திரும்ப ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் அப்படியே ஆடி, கோப்பைகளைக் கழகத்துக்கும் வலியை வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். கழகமோ அடி அண்ணாமலையில் அவர் பெயரில் ஓர் அகாடமியே நடத்துகிறது. நூற்றிருபது பிள்ளைகள். வலப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும், தரையெல்லாம் அம்புக்குறி. சென்ற ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதிலும் தோற்றார்கள். எதிரணியினர் ஆட்களையெல்லாம் வலப்பக்கம் நிறுத்திவிடுகிறார்களாம். இடப்பக்கத்தில் அவர்கள் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்களாம். கழகத்தின் ஆண்டறிக்கை இதைத் தோல்வி என்று கொச்சைப்படுத்தவில்லை. 'நெறி பிறழாமை' என்கிறது.

முட்டிக்குத்தான் அந்தப் பெருமை புரியவில்லை. போன வாரம் பிரேக்கை மிதிக்க மறுத்துவிட்டது. வேன், முன்னால் நின்ற பால்வண்டியை உரசிக்கொண்டு நின்றது. வேன் முதலாளி வேணு நல்லவர், நல்லவிதமாகவே சொன்னார். “காலைச் சரி பண்ணிக்கினு வாங்க. இல்லாங்காட்டி சாவியக் குடுத்துடுங்க.”

சென்னை மருத்துவமனை ஒன்று பழைய வீரர்களுக்கும் கழக நிர்வாகிகளுக்கும் இலவசமாக முட்டி ஆபரேஷன் செய்கிறது. கேட்பது ஒரே ஒரு வரி: 'ஆட்டத்தில் ஏற்பட்ட காயம்' என்று கழகத்தின் கடிதம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டும்.

புதன்கிழமை பலராமன் கழக அலுவலகத்துக்குப் போனார். கூடவே மனைவி ஆதிலட்சுமியும் போனார். உழவர் சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவர். தராசு முள் நிற்கும்வரை யாரையும் நம்பாதவர்.

“சார், ஒரு வரிதான். ஆட்டத்துல அடிபட்டுதுன்னு எழுதிக் குடுங்க” என்றார் பலராமன்.

மாறன் காதைப் பொத்திக்கொண்டார். “சொல்றதுக்கு நாக்கு கூசலயா பலராமா? அடிபட்டுதாம்! அது அருளுய்யா.”

“வலிக்குது சார்.”

“அருள்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.”

“எங்களுக்கு ஜாஸ்தியா வந்துடுச்சி சார்” என்றார் ஆதிலட்சுமி. “கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறோம். பிரேக்கு மிதிக்கிற அளவுக்கு இருந்தா போதும்.”

“புரியாம பேசாதம்மா. காயம்னு எழுதிட்டா அகாடமி இன்னா ஆவறது? நூத்தி இருவது புள்ளைங்க காயத்தயா கத்துக்குதுங்க? ஆபரேஷன் பண்ணிட்டு நாளைக்கே இவுரு இடப்பக்கம் திரும்பிட்டாருன்னா ஊரு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

“இடப்பக்கம் திரும்புனாத்தான் சார் எங்க வூடே. இருவத்தாறு வருசமா தெரு முனையில ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வர்றாரு. கொடம் எடுத்துக்கினு வர்றவளுங்கல்லாம் ஒதுங்கி நிக்கிறாளுங்க.”

மாறன் நெகிழ்ந்துபோனார். அந்தச் சுற்றை ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். பிறகு பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். வியாழக்கிழமை மாலை மைதானத்தில் பாராட்டு விழா. முட்டிக்கு வெள்ளிக் கவசம். விழாவிலேயே கடிதம்.

“காயம்னு இருக்குமா?” என்று கேட்டார் ஆதிலட்சுமி.

“அதவிட நல்ல வார்த்தயாவே போடறேன்மா.”

விழா ஏற்பாடுகளில் மாறனின் சிக்கனம் பாராட்டத்தக்கது. பந்தல் போட வந்தவர்கள் கடப்பாரையைத் தூக்கியபோது தடுத்தார். “எதுக்குய்யா புதுசா தோண்டறீங்க? பழைய குழி அப்பிடியே கீதே.” ஆம், 1999இன் குழிதான். வருடா வருடம் விழாவுக்கு உதவுவதால் அதை யாரும் மூடவில்லை. கம்பத்தை நட்டார்கள். போட்டோக்காரர் வந்து, கம்பம் செயலாளரின் முகத்தை மறைக்கிறது என்றார். பிடுங்கிவிட்டார்கள். முகம் தெரிந்தது. குழியின் மேல் ஜமுக்காளம் விரித்தார்கள்.

பலராமனைக் கழகத்தின் 'ஆயுட்கால கௌரவத் தலைவர்' என்று அறிவித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே வெள்ளிக் கவசத்தை முட்டியில் இறுக்கிக் கட்டினார்கள். இதுவரை இடப்பக்கம் மட்டும் திரும்பாமல் இருந்த முட்டி, இப்போது எந்தப் பக்கமும் திரும்பாத பேறு பெற்றது. கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தந்தார்கள். ஆதிலட்சுமி எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'இவருடைய வலது முட்டி இறையருளால் இயங்குகிறது எனச் சான்றளிக்கப்படுகிறது.'

“இதக் கொண்டுபோய்க் குடுத்தா டாக்டரு வரமாட்டாரு சார். குருக்களுதான் வருவாரு.”

அது மாறனின் காதில் விழவில்லை. கூட்டம் பிரதட்சிண கோலை நேரில் பார்க்கக் கத்திக்கொண்டிருந்தது. கவசம் கட்டிய பலராமனால் திரும்பவே முடியவில்லை. கழகத்தின் மானம் காக்க மாறனே வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தை உருட்டினார். வலப்பக்கம் திரும்பினார். அரை வட்டம் அமோகமாக வந்தது. அடுத்த அடியை ஜமுக்காளத்தின் மேல் வைத்தார்.

கால் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது.

“ஐயோ! முட்டி போச்சே!”

பலராமன் கவசத்தோடு நொண்டி ஓடிவந்தார். அவருக்கு அது பழகிய இடம். பக்குவமாகக் காலை வெளியே எடுத்தார். “பயப்படாதீங்க சார். அருளுதான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.”

“அருளாவது மண்ணாவது! காயம்யா! பச்சக் காயம்! அந்த ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுது, சீக்கிரம்!”

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. செயலாளருக்குச் செயலாளரே சான்றளிக்க முடியாது. தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரோ பத்து நிமிடங்களுக்கு முன்புதான் பதவியேற்றிருந்தார். கழகத்தின் கடிதத்தாளும் முத்திரையும் வந்தன. மாறன் படுத்தபடியே சொல்லச் சொல்லத் தலைவர் எழுதினார்: 'கழக மைதானத்தில், கழகம் தோண்டி மூடாமல் விட்ட குழியில், ஆட்டத்தின்போது கால் சிக்கி ஏற்பட்ட காயம்...' இருபத்தாறு வருடமாக எழுத வராத வாக்கியம் ஒரே மூச்சில் வந்தது.

கையெழுத்துப் போடும் நேரத்தில் ஆதிலட்சுமி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். “இருங்க. சந்தையில கூட மொதல்ல வந்தவங்களுக்குத்தான் மொதல்ல தராசு. குழியில மொதல்ல வுழுந்தவரு பேரு மேல வரட்டும்.”

“அம்மா, வலி தாங்கலம்மா!”

“இருவத்தாறு வருசம் தாங்கும் சார். ஒண்ணும் ஆவாது. ஐஸ் வேணுமா?”

பலராமனின் பெயர் மேலே ஏறியது. மாறன் அவருக்குச் சான்றளித்தார்; அவர் மாறனுக்குச் சான்றளித்தார். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆதிலட்சுமி அந்தத் தாளைச் சென்னையில் நீட்டினார். யாரும் குருக்களைக் கூப்பிடவில்லை.

இரண்டு முட்டிகளும் சுகம். பலராமன் பிரேக் மிதிக்கிறார். தெரு முனையில் நேராக இடப்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போகிறார். இந்த நெறிபிறழ்வைக் கண்டித்துக் கழகத்தின் பொதுக்குழு அவரைத் தலைவர் பதவியிலிருந்து ஒருமனதாக நீக்கியது. கவசத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. செயலாளர் இடமும் வலமும் திரும்புவதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது நிர்வாகத் திறமை.

அந்தக் கூட்டத்தில் விவரம் தெரியாத உறுப்பினர் ஒருவர் எழுந்து, குழியை இப்போதாவது மூடிவிடலாமே என்றார். மாறன் கடுமையாக மறுத்தார். அதிலுள்ள நியாயத்தை நாம் மறுக்க முடியாது. முப்பத்தோரு ஆண்டுகளில் கழகத்தின் பங்கு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு குழிதான் இருக்கிறது. அதையும் மூடிவிட்டால், கழகம் எதைக் கொண்டு வீரர்களை உருவாக்கும்?