எங்கள் கடையில் உன் குரல்

அன்புத் தங்கை டுஃபியேவுக்கு,

குமாசியிலிருந்து அக்கா செர்வா எழுதுகிறேன். அக்ராவில் நீ சுகமா என்று முறைப்படி கேட்க வேண்டும். தேவையில்லை. நாளுக்கு எழுபது தடவை உன் குரலைக் கேட்கிறேன். உனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் காரியம் நம் கடைக்கே போன் போட்டதுதான். "வணக்கம்! நீங்கள் அழைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி!" என்றாய். எனக்கு இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லாமல்தான் கடிதம்.

பந்தலும் நாற்காலியும் வாடகைக்குக் கேட்டு யார் கூப்பிட்டாலும் பதினாறு வருடமாகப் போனை எடுத்தவள் நான். ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது உன் அத்தான் ஓப்போங் இன்டர்நெட் போன் வைத்தார். பொருத்த வந்தவன், கூப்பிடுகிறவர்களுக்குத் தானாகப் பதில் சொல்ல ஒரு பெண் குரலைப் பதிவு செய்ய வேண்டும் என்றதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். "நீ உட்காரு செர்வா, உன் குரல் யாரையோ திட்டப் போற மாதிரியே இருக்கு. டுஃபியே பேசட்டும்" என்றார். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "கல்யாணத்துக்கு ஒன்றை அழுத்தவும், சாவுக்கு இரண்டை அழுத்தவும்" என்று நீ கொஞ்சினாய். அன்றிலிருந்து பாஸ்டர்கூட, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்கிறார். உன் அத்தானோ லாரியில் உட்கார்ந்து கடைக்கே போன் போட்டு, ஒரு பட்டனையும் அழுத்தாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். "என்ன பண்றீங்க?" "லைன் சரியா இருக்கான்னு பாத்தேன்." "ஒன்பது தடவையா?"

இப்போது மாமே பிராகோவின் கதைக்கு வருகிறேன். நம் பழைய வாடிக்கை, தெரியுமே. அவளுடைய அண்ணன் இறந்துபோனார். மதுபாட்டிலோடு போய்க் குடும்பப் பெரியவர்களுக்கு முறையாகச் சொல்லும்வரை சாவு என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாதல்லவா? முன்பென்றால் என்னிடம், "செர்வா, வீட்டுக் கூரை கொஞ்சம் ஒழுகுது" என்பாள். நானும், "எத்தனை நாற்காலி, மாமே?" என்று மட்டும் கேட்டு, துக்கத்துக்குரிய கறுப்புச் சிவப்புத் துணியை எடுத்து வைப்பேன். இப்போது நீ இரண்டை அழுத்தச் சொல்கிறாய். அவள் மரியாதையாக ஒன்றை அழுத்தி, முகவரியைச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை ஊரே கறுப்பும் சிவப்புமாக நிற்க, நம் லாரியிலிருந்து வெள்ளைப் பந்தலும், பலூன் வளைவும், நாற்காலிக்கெல்லாம் பட்டு முடிச்சும், மணமக்கள் சோபாவும் இறங்கின. விதவையை அதில்தான் உட்கார வைத்தார்களாம். மெத்தென்று இருக்கிறது என்று மாலைவரை எழுந்திருக்கவே இல்லையாம்.

திங்கட்கிழமை மாமே கடைக்கே வந்துவிட்டாள்.

"எங்கடி போயிருந்தே?"

"இங்கேதான் இருந்தேன், மாமே."

"அப்போ அந்தக் கொஞ்சல்காரி யாரு? பெரியவங்களுக்கே சொல்லாததை ஒரு மெஷின்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"என் தங்கச்சி குரல்தான்."

"நல்ல குரல்தான். ஆனா அவளை நம்பி ஒருத்தரும் சாக முடியாது."

இவ்வளவுக்கும் பிறகு உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "டுஃபியேவை வரச் சொல்லு, இரண்டை இன்னும் கொஞ்சம் சோகமாப் பேசட்டும்." ஆகவே, உடனே வந்து உன் குரலை எடுத்துக்கொண்டு போ.

ஆண்டவர் உன் தொண்டையை நூறு வருடம் காக்கட்டும், வேறு ஊரில். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
செர்வா

பி.கு.: வராதே. குரல் இருக்கட்டும், கல்யாணத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. போகும்போது மாமே என் சொந்த நம்பரை வாங்கிக்கொண்டாள். நேற்றுவரை அவள் சொல்லி ஆறு வீட்டார் கூப்பிட்டார்கள், ஒருவர்கூட நேராக விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு கடை காலியாக இருக்கிறது. ஒன்றாம் தேதி திறக்கிறேன், துக்க வீடுகளுக்கு மட்டும். உன் அத்தானுக்குத் தெரியாது. இந்த வரியை எழுதும்வரை எனக்கே தெரியாது.